சொர்ணலதா பார்த்த ஈ.சி.

சின்னமனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வரிசையில் கடைகள் மூன்றுதான். மூன்றிலும் ஈ.சி. உண்டு. முதல் கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, ஈ.சி. என்று போர்டு வைத்திருக்கிறேன். என் கடையில் ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. ஒரு நிலத்தின் மேல் அடமானம், பாத்தியதை எதுவும் இருக்கிறதா என்று பத்திர ஆபீசு தருகிற தாள். நடுக்கடை விஜய்பாண்டியின் பூச்சிமருந்துக் கடை. அவன் அலமாரியில் இருக்கிற பாட்டில்களில் பாதிக்கு மருந்தின் பெயருக்குப் பின்னால் ஈ.சி. என்று அச்சடித்திருக்கும். தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகக் கலங்கிக் கரைகிற எண்ணெய் மருந்து என்று அதற்கு அர்த்தம். கடைசிக் கடை சொர்ணலதாவின் மண், நீர் பரிசோதனை நிலையம். அவளிடம் ஈ.சி. என்றால் தண்ணீரின் மின்கடத்துத் திறன். உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீரில் மின்சாரம் ஓடும் என்பதால், அதை அளந்தால் உப்பு தெரிந்துவிடும்.

அவளுக்கு அது நிம்மதியான பிழைப்பு. அவதி எனக்குத்தான், ஏனென்றால் வரிசையில் முதல் கடை என்னுடையது. ஈசி என்பார்கள், இஸி என்பார்கள், கம்பத்துக்கு அந்தப் பக்கம் மலையாளம் கலந்து பேசுகிறவர்கள் இன்னும் எப்படியோ இழுப்பார்கள். போர்வெல் தண்ணீரைக் கொண்டுவந்து என் பிரின்டர் மேல் வைப்பார்கள். தேர்தல் சமயத்தில் ஒருவர் வந்து, ஒலிபெருக்கி தொல்லை தாங்கவில்லை, ஈ.சி.க்கு, அதாவது தேர்தல் ஆணையத்துக்கு, ஒரு புகார் எழுது என்றார். இன்னொருவர் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நெஞ்சில் வலியாம், ஈ.சி.ஜி. எடுக்கணுமாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏலே, இதென்ன ஆஸ்பத்திரியா?" என்று கத்திவிட்டு, அப்புறம் நானேதான் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

சொர்ணலதாவுக்குக் கோபமே வராது. வாசலுக்கு வந்து, "பத்திரமா, மருந்தா, தண்ணியா?" என்று மூன்றே வார்த்தை கேட்பாள். வந்தவர் ஒன்றைச் சொன்னதும் அந்தந்தக் கடைக்குக் கையைக் காட்டுவாள். தண்ணீர் என்றால் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, இந்த இரண்டு எழுத்தும் இங்கே எதைக் குறிக்கிறது என்று முழுசாகச் சொன்ன பிறகுதான் பாட்டிலையே கையில் வாங்குவாள். இவ்வளவு விளக்கம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் மேகமலையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்தவர். மலையில் அவர்களுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. கீழே சின்னமனூரில் ஒரு வீட்டு மனை வாங்கிவிட வேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் ஈ.சி. ஈ.சி. என்று அலைந்திருக்கிறார். ஆகவே அவளுக்குத் தெரிந்த ஈ.சி. அது ஒன்றுதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்து, கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி, தேனியில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் மேலதிகாரி ஒரு பாட்டிலை நீட்டி, "இதுக்கு ஈ.சி. பாரும்மா" என்றாராம். இவள் பயபக்தியோடு, "எந்த சர்வே நம்பர் சார்?" என்று கேட்டிருக்கிறாள். லேபே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு அங்கே அவள் பெயரே சர்வே நம்பர்தான்.

"அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேண்ணே. மறுநாள் முடிவு பண்ணிட்டேன். நம்ம கிட்ட வர்ற ஆளு ஒருத்தர் கூட இந்த ரெண்டெழுத்தால கூனிக்குறுகி நிக்கக் கூடாதுன்னு" என்றாள்.

அப்படிப்பட்டவளே அவசரத்தில் ஒருநாள் சறுக்கினாள்.

செல்லப்பாண்டி என் வயசுக்காரன், பள்ளிக்கூடத்துச் சேக்காளி. காலமெல்லாம் அடுத்தவன் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் பந்தல் கட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடைப்பட்டிப் பக்கம் ஒண்ணரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினான். அதற்கு வில்லங்கம் பார்த்துக் கொடுத்தது நான்தான். நிலத்தைத் தேர்ந்தெடுத்தது அவன் பெண்சாதி முத்துப்பேச்சி. "மண்ணு நல்லா இருக்கு, இதைத்தான் வாங்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். வாங்கி இரண்டு இடத்தில் போர் போட்டார்கள். இரண்டிலும் வெறும் புகைதான் வந்தது. சொந்தக்காரர்கள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவளைத்தான் சொன்னார்கள். ராசியில்லாத கை, அவள் காட்டின இடத்தில் தண்ணீர் எப்படி வரும் என்று நேருக்கு நேராகவே கேட்டார்கள். கல்யாண வீட்டில் கூட அவள் ஓரமாக உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். மூன்றாவது போரும் வீணானால் நிலத்தை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

போன வைகாசியில் மூன்றாவது போர். அறுநூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. செல்லப்பாண்டி பைக்கை விரட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்தான். ஒரு லிட்டர் பாட்டிலை சொர்ணலதாவிடம் கொடுத்தான். என் கடைக்குள் தலையை நீட்டி, "தண்ணி வந்துருச்சுடா அய்யாத்துரை!" என்று கத்திவிட்டு, மோட்டார் பார்க்க மெயின் ரோட்டுக்கு ஓடினான். தண்ணீர் திராட்சைக்கு ஒத்துவருமா என்று தெரிகிற வரைக்கும் போர் லாரியை நிற்கச் சொல்லியிருந்தான். லாரிக்காரர்கள் மூன்று மணி வரைதான் நிற்போம், அடுத்த வேலை உத்தமபாளையத்தில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் துளைக்குள் இறக்கிய கேசிங் பைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகாது என்றால் அதை உருவிக்கொண்டு போவார்கள். உருவினால் மேல்மண் சரிந்து துளை மூடிக்கொள்ளும்.

ஒரு மணி இருக்கும். ஒரு பெரிய பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். செல்லப்பாண்டி கடைக்குள் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"ஏலே! வில்லங்கம் ஒண்ணுமில்லன்னு தாளை நீட்டுனியே, இப்ப ஆறு இருக்காம்டா, ஆறு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் தாளில் ஒரு பிழை கிடையாது. "யாருடா சொன்னா? எந்த நாய் சொல்லுச்சு?" என்று நானும் அவன் சட்டையைப் பிடித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த அம்மா பத்திரத்தை உருவிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். சத்தம் கேட்டு சொர்ணலதா ஓடி வந்தாள்.

"ஐயோ, நான்தாண்ணே சொன்னேன்! ஈ.சி. ஆறு இருக்கு, மோட்டாருக்கு அட்வான்ஸ் குடுத்துறாதீகன்னு போன்ல சொன்னேன். அவசரத்துல விளக்கமா சொல்லாம விட்டுட்டேன். அது பத்திரத்து ஈ.சி. இல்லண்ணே, தண்ணியோடது."

செல்லப்பாண்டி என் சட்டையை விட்டான். முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. "அப்ப நெலத்துல வில்லங்கம் இல்லையா? நல்லாச் சொல்லு ஆத்தா" என்றான்.

அவள் எங்களை உள்ளே அழைத்துப் போனாள். மேசை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர் இருந்தது. பேட்டரியில் மாட்டிய இரண்டு ஒயர், நடுவில் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. ஒரு டம்ளரில் அவள் வீட்டுக் குடிதண்ணீர். அதில் ஒயரை விட்டாள், பல்பு மினுக்கென்று கூட எரியவில்லை. இன்னொன்றில் செல்லப்பாண்டி கொண்டுவந்த தண்ணீர். அதில் விட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"உப்பு இருந்தாத்தான் இப்படி எரியும்ணே. திராட்சைக்கு ஒண்ணு, ஒன்றரை வரைக்கும் பயமில்ல. ரெண்டைத் தாண்டுனாலே இலை ஓரம் கருகும். இது ஆறு."

அவன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். அவன் தொண்டையில் அது இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "கரிக்குதுடா" என்றான் என்னைப் பார்த்து. வில்லங்கம் என்றால் கோர்ட்டுக்குப் போகலாம், பங்காளியோடு கட்டிப் புரளலாம். பூமிக்கடியில் இருக்கிற உப்போடு யார் வழக்காடுவது? டம்ளரை வைத்துவிட்டு அவனே போனை எடுத்து லாரி மேனேஜரைக் கூப்பிட்டான். "உருவிருங்கண்ணே" என்றான். அழுகையை அடக்கிக்கொண்டு அவன் அதைச் சொன்ன விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

செல்லப்பாண்டியும் என் பின்னாலேயே வெளியே வந்தான். சொர்ணலதா மட்டும் உள்ளேயே நின்றாள். அவளுக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. ஓடைப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அவள் நூறு போருக்கு மேல் பார்த்தவள். ஒன்றிலும் மூன்றைத் தாண்டியதில்லை. மறுபடியும் பாட்டிலை எடுத்து வேறு இரண்டு சோதனை செய்தாள். பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது. கையில் ரப்பர் உறையோடு தெருவுக்கே ஓடி வந்தாள்.

"செல்லப்பாண்டி அண்ணே! போனைப் போடுங்க! உருவ வேண்டாம்னு சொல்லுங்க!"

"என்ன ஆத்தா?"

"நம்ம பக்கத்து நிலத்தடித் தண்ணியில உப்பு இருந்தா சுண்ணாம்பும் கூடவே இருக்கும்ணே. சோப்புப் போட்டா நுரைக்காது. இதுல சுண்ணாம்பு கொஞ்சந்தான் இருக்கு. உப்பு மட்டும் அவ்வளவு இருக்கு. இது பூமி உப்பு இல்ல. பலசரக்குக் கடை உப்பு!"

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் என் கால் தரையில் நிற்கவில்லை. செல்லப்பாண்டி போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கம்ப்ரஸர் ஓடினால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவர்களுக்குக் கேட்காது. முத்துப்பேச்சிக்கு அடித்தான். அவள் போன் எப்போதும் போல ஒயர்கூடைக்குள் எங்கோ கிடந்து அடித்திருக்கும். மணி ஒன்றே முக்கால்.

ஷட்டரை இழுத்து மூடினேன். பூட்டினேனா என்று இன்று வரை தெரியாது. செல்லப்பாண்டி முன்னால் பறந்தான். நான் என் பழைய பைக்கில் சொர்ணலதாவை ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். அவள் மீட்டர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "விரட்டுங்கண்ணே, விரட்டுங்க" என்று காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள். என் வண்டி அறுபதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தொட்டது. எதிரில் வாழைத்தார் லாரி, வேகத்தடை, நடுரோட்டில் ஆட்டு மந்தை, எல்லாவற்றையும் எப்படித் தாண்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடவுளே, கேசிங்கில் கை வைக்காமல் இருக்க வேண்டுமே என்று ஒரே நினைப்பாக ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது துளை போடுகிற ராடுகளில் பாதியை உருவி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மிச்ச ராடும் ஏறினால் அடுத்தது கேசிங் பைப்புதான். வரப்பில் முத்துப்பேச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். செல்லப்பாண்டி வண்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றான்.

மேனேஜர் எரிந்து விழுந்தார். "போடுங்கிறது, எடுங்கிறது, என்னங்க விளையாட்டா? மூணு மணிக்கு நாங்க கிளம்பியாகணும்" என்றார்.

சொர்ணலதா அவர் முன்னால் போய் நின்றாள். அவர் மார்பு உயரம் கூட இருக்கமாட்டாள். "இருபது நிமிஷம் குடுங்கண்ணே. இருக்கிற ராடோட காத்தை விட்டு அடிங்க. தண்ணி தெளிஞ்சதும் நானே புடிச்சுக்கிறேன். தப்பா இருந்தா உருவிக்கிட்டுப் போங்க, நான் தடுக்கல" என்றாள். அவர் வாட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கம்ப்ரஸர் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார்.

முதலில் சாம்பல் நிறத்தில் சேறு வந்தது. பிறகு கலங்கல். பதினைந்து நிமிஷம் அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிந்ததும் சொர்ணலதா அதற்குள்ளேயே நடந்து போனாள். தலையிலிருந்து கால் வரை நனைந்தாள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் கழுவி, நாலாவது தரம் பிடித்தாள். வரப்பில் உட்கார்ந்து, மீட்டரின் முனையைத் துடைத்து, பாட்டிலுக்குள் விட்டாள். எண் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு தலையும் அந்தக் கட்டை விரல் அகலக் கண்ணாடி மேல் குனிந்திருந்தோம்.

சைபர் புள்ளி ஒன்பது.

"ஒன்பதா?" என்று செல்லப்பாண்டி அலறினான்.

"ஒண்ணு கூட இல்லண்ணே! ஒண்ணுக்கும் கம்மி! நல்ல தண்ணி! குடிக்கலாம்ணே, குடிங்க!"

அவன் குழந்தை மாதிரி அந்தத் தண்ணீருக்குள் போய் விழுந்தான். நான் மேனேஜரைக் கட்டிப்பிடித்தேன். அதுவரை உர்ரென்று இருந்த மனுஷன் சிரித்துவிட்டார். என் வயசுக்கு நான் அவ்வளவு உயரம் குதித்திருக்கக் கூடாது, மறுநாள் முழுக்க முட்டி வலித்தது.

குதித்து முடிந்த பிறகுதான் செல்லப்பாண்டிக்கு அந்தக் கேள்வி வந்தது. தலையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப காலையில நான் கொண்டாந்த தண்ணியில உப்பு எங்கிட்டிருந்து வந்துச்சு? சாமிக்கு வச்ச குடத்துல இருந்துல்ல புடிச்சேன். மொத வந்த தண்ணி, அதை விடச் சுத்தம் எது இருக்குன்னு அதுலதான் மொண்டேன். எவன்டா உப்பைப் போட்டது?" என்றான். குரல் உயர்ந்துகொண்டே போனது.

முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. சொர்ணலதாவும் பார்த்துவிட்டாள். சட்டென்று குறுக்கே வந்து, "விடுங்கண்ணே. தண்ணியை எப்படிப் புடிக்கணும்னு நான் மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. போன்லயும் அரைகுறையாப் பேசிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

"உங்க தப்பில்ல தங்கச்சி" என்று முத்துப்பேச்சி எழுந்தாள். "நான்தான் போட்டேன்."

அவள் புருஷனைப் பார்த்தே சொன்னாள். "தண்ணி வந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்தக் கண்ணு இந்தக் கண்ணு பட்டு மறுபடி வத்திப் போயிருமோன்னு ஒரு கை உப்பை எடுத்துக் குழியைச் சுத்தி, குடத்துல போட்டேன். கரைஞ்சதும் கால் படாத இடத்துல ஊத்திரலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க மொண்டுக்கிட்டுப் போயிட்டீக, நான் பாக்கல. ரெண்டு தடவை தண்ணி வராததுக்கு என்னையத்தான ராசியில்லாதவன்னு சொன்னாக. மூணாவது தடவையும் கேக்க எனக்குத் தெம்பில்ல."

செல்லப்பாண்டி கோபக்காரன், எனக்குத் தெரியும். கை ஓங்கிவிடுவானோ என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. தலையில் இருந்த துண்டை எடுத்து உதறினான். மறுபடி கட்டினான். மறுபடி அவிழ்த்தான். "சொன்னாக. நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

சொர்ணலதா எதுவும் நடக்காதது போலப் பையிலிருந்து ரிப்போர்ட் படிவத்தை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டாள். ஈரக் கையால் தாள் ஓரம் நனைந்தது. ஆழம் எழுதினாள், ஊர் எழுதினாள். "பேரு என்ன போடட்டும்ணே, செல்லப்பாண்டின்னே போட்ரவா?" என்று கேட்டாள்.

"எம்பேரு எதுக்கு ஆத்தா?" என்றான் அவன். "அவ காட்டுன இடம். முத்துப்பேச்சின்னு போடு. நல்லாப் பெருசா எழுது."

மறுநாள் அந்தத் தாளை நாலு காப்பி எடுத்து லேமினேஷன் போடச் சொன்னான். எதற்கு நாலு என்றேன். சொந்தக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுக்கப் போவதாகச் சொன்னான்.